சர்வர் தொங்கின வெள்ளிக்கிழமை

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ரிஜிஸ்ட்ரேஷன் முடியிற கடைசி நாள், ஒரு வெள்ளிக்கிழமை. காலையில 10 மணிக்கு ஒரு ஃபோன். வேற காலேஜ்ல படிக்கிற என் ஸ்கூல் ஃப்ரெண்ட். "மச்சி, உங்க சைட் சுத்திக்கிட்டே இருக்குடா." என் ஃபோன்ல திறந்து பார்த்தேன், டக்குனு திறந்துச்சு. "உன் நெட்டுதான்டா ஸ்லோ"னு சொல்லிட்டு வச்சிட்டேன். அன்னைக்கு நான் சொன்ன முதல் தப்பான பதில் அது. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு சொன்னேன்.

அந்த சைட் என் பொறுப்பு. "உனக்குத்தான் பிஎச்பி தெரியுமே"னு சீனியர்ஸ் என் தலையில கட்டிட்டுப் போனது. சர்வர்னு பெருசா கற்பனை பண்ணிக்காதீங்க. லேப்ல ஓரமாக் கிடந்த ஒரு பழைய டெஸ்க்டாப். நாலு கோர், 8 ஜிபி ராம், உபுண்டு 20.04, அதுல அப்பாச்சி, பிஎச்பி 7.4, மைஎஸ்க்யூஎல். பேமென்ட் பக்கத்தை மட்டும் ரெண்டாம் வருஷ ஜூனியர் ஒரு பொண்ணு புதுசா எழுதியிருந்தா. அதுவரைக்கும் பணம் கட்டினவங்க ஸ்கிரீன்ஷாட் அனுப்பணும், நாங்க உக்காந்து ஒவ்வொண்ணா சரிபார்க்கணும். அவ எழுதினதுல, கட்டின உடனே கன்ஃபர்மேஷன் போயிடும். வியாழக்கிழமை ராத்திரி 11 மணிக்கு அதை சர்வர்ல ஏத்தினோம். கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி புதுசா எதையும் ஏத்தக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் ஏத்துவோம்.

11 மணிக்குள்ள அதே மாதிரி ஏழெட்டு ஃபோன் வந்துடுச்சு. லேபுக்கு ஓடிப்போய் டெர்மினல்ல 'டாப்' போட்டேன். நாலு அப்பாச்சி ப்ராசஸ், ஒவ்வொண்ணும் 99 சதவீதம் சிபியு. நாலு கோரும் காலி. எர்ரர் லாக் திறந்தேன், சுத்தமா இருந்துச்சு. ஆக்சஸ் லாக் திறந்தேன், எல்லா வரியிலயும் 200, எல்லாம் நல்லபடியா முடிஞ்ச ரிக்வெஸ்ட். நேத்து ராத்திரிக்கும் இன்னைக்குக் காலைக்கும் நடுவுல மாறினது எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான். பேமென்ட்.

அஞ்சு நிமிஷம்கூட யோசிக்கல. கிட்ல அவ கமிட்டை ரிவர்ட் பண்ணேன், அப்பாச்சியை ரீஸ்டார்ட் பண்ணேன். சிபியு ரெண்டு சதவீதத்துக்கு இறங்கிடுச்சு. வேற என்ன ப்ரூஃப் வேணும்? வாட்ஸப் க்ரூப்ல போட்டேன்: "நேத்து நைட் ஏத்தின பேமென்ட் கோட்னாலதான் சர்வர் ஹேங் ஆகுது. பழையதுக்கே மாத்திட்டேன். இனிமே டெஸ்ட் பண்ணாம யாரும் எதையும் ஏத்தாதீங்க." அந்த க்ரூப்ல 60 பேருக்கு மேல. அதுல ரெண்டு ஸ்டாஃப். அவ "ஓகே அண்ணா, சாரி"னு மட்டும் போட்டா.

கால் மணி நேரத்துல டாப்ல ஒரு ப்ராசஸ் திரும்ப 99-க்கு ஏறுச்சு. அப்புறம் இன்னொண்ணு.

இப்போ யோசிச்சா வேடிக்கையா இருக்கு. ரிவர்ட் பண்ணியும் வருதேனா பேமென்ட் காரணம் இல்லன்னுதானே தோணணும்? எனக்கு "அவ கோட்ல இன்னும் ஏதோ மிச்சம் இருக்கு"ன்னு தோணுச்சு. டேட்டாபேஸ்ல ஏதாவது டேபிளை மாத்தியிருப்பாளோன்னு தேடினேன். அரை மணிக்கு ஒரு தடவை ரீஸ்டார்ட் அடிச்சுக்கிட்டே இருந்தேன். நடுவுல ஒரு தடவை நல்ல பிள்ளையா 'கிரேஸ்ஃபுல்' ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், பாதியில இருக்கிற யாருக்கும் தொந்தரவு வேண்டாம்னு. ஒண்ணும் இறங்கல. கிரேஸ்ஃபுல்னா ஒவ்வொரு ப்ராசஸும் கையில இருக்கிற ரிக்வெஸ்ட்டை முடிச்சிட்டுப் போகும்வரைக்கும் அப்பாச்சி காத்திருக்கும். முடியவே முடியாத ரிக்வெஸ்ட்டுக்கு அந்த மரியாதை எதுக்கு?

4 மணிக்கு லேப் அண்ணா வந்தார். எங்க காலேஜ்ல எந்த சிஸ்டம் படுத்தாலும் அவர்தான். என் பின்னாடி நின்னு ஸ்கிரீனைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு ஒரே கேள்வி கேட்டார். "தம்பி, இது காத்துக்கிட்டு நிக்குதா, ஓடிக்கிட்டு நிக்குதா?"

எனக்குப் புரியல. ஹேங்னா ஹேங்தானே?

நான் மூணு வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சும் பிரிச்சுப் பார்க்காத விஷயம் இது. நாம "தொங்கிடுச்சு"ன்னு சொல்றதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, ப்ராசஸ் யாருக்காகவோ காத்திருக்கும். டேட்டாபேஸ் பதில் சொல்லல, வேற சர்வர்ல இருந்து பதில் வரல, லாக் கிடைக்கல. அப்போ டாப்ல ஸ்டேட் காலத்துல எஸ்-னு இருக்கும், தூங்குதுன்னு அர்த்தம். டிஸ்க்குக்காக மாட்டியிருந்தா டி-னு இருக்கும், அதை கில் மைனஸ் 9 போட்டாக்கூடப் பெரும்பாலும் கொல்ல முடியாது. ரெண்டுலயும் சிபியு கிட்டத்தட்ட பூஜ்யம். பயனாளிக்கு சைட் சுத்தும், ஆனா மெஷின் சும்மா இருக்கும். இன்னொரு வகைதான் ஓடிக்கிட்டே தொங்குறது. ஸ்டேட் ஆர், சிபியு 100. கோயில் பிரகாரத்தை எண்ணிக்கை இல்லாம சுத்துற ஆள் மாதிரி, எங்கேயும் போகாது, நிக்கவும் நிக்காது.

அவ எழுதின பேமென்ட் பக்கம் செய்றதெல்லாம் பேங்க் சைடுக்கு ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. அது தொங்கியிருந்தா எஸ்-ல, பூஜ்யம் சிபியுல தொங்கியிருக்கும். என் ஸ்கிரீன்ல காலை 11 மணியில இருந்து ஆர், 99. அந்தப் பொண்ணு மேல சந்தேகப்பட அந்த ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. அஞ்சு மணி நேரமா அதையே பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.

அண்ணா வந்தப்போ நிலைமை இன்னும் மோசம். லோட் ஆவரேஜ் 31. ஆனா டாப்ல எதுவுமே பெருசாத் தெரியல, ஒவ்வொரு அப்பாச்சியும் 12, 13 சதவீதம்தான். நாலு கோரை 31 பேர் பங்கு போட்டா ஆளுக்கு அவ்வளவுதான் வரும். நியாயமா வேலை செய்ற ப்ராசஸும் திருட்டு ப்ராசஸும் ஒரே மாதிரி நின்னுச்சு. அண்ணா ஷிஃப்டைப் பிடிச்சு டி தட்டினார். லிஸ்ட் மொத்தமா மாறுச்சு. அது டைம் காலம், ஒரு ப்ராசஸ் பிறந்ததுல இருந்து மொத்தம் எவ்வளவு சிபியு நேரம் தின்னுருக்குன்னு சொல்றது. நல்ல ப்ராசஸ் எல்லாம் மூணு செகண்ட், நாலு செகண்ட். மேல இருந்த ஒருத்தன் 22 நிமிஷம். 3 மணிக்குத்தான் நான் கடைசியா ரீஸ்டார்ட் அடிச்சிருந்தேன்.

அந்த 22 நிமிஷத்தோட ப்ராசஸ் நம்பரை எடுத்து எஸ்டிரேஸ் போட்டார். ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு இது சுலபமாப் புரியும். ஒரு ப்ராசஸ் தன் ரூமுக்குள்ள என்ன கணக்கு வேணா போட்டுக்கலாம். ஃபைல் திறக்கணும், நெட்வொர்க்ல பேசணும், மெமரி அதிகமா வேணும்னா வார்டன்கிட்ட வந்து கேட்கணும். வார்டன்தான் கெர்னல், அந்தக் கேள்விதான் சிஸ்டம் கால். எஸ்டிரேஸ்ங்கிறது வார்டன் ரூம் வாசல்ல உக்காந்து யார் என்ன கேட்கிறாங்கன்னு நோட் போடுறது. சும்மா ஒரு பக்கம் திறந்தாலே நூத்துக்கணக்கான வரி கொட்டும். இங்கே, ப்ராசஸோட ஒட்டிக்கிட்டேன்னு ஒரு வரி வந்துச்சு. அவ்வளவுதான். ஒரு நிமிஷம் பார்த்தோம், அடுத்த வரி வரவே இல்ல. எஸ்டிரேஸ் வேலை செய்யலையோன்னு கேட்டேன். "இதுதான்டா பதில்"னார் அண்ணா. ரூமுக்குள்ளயே சுத்துறான், யார்கிட்டயும் எதுவும் கேட்கல. டேட்டாபேஸ் இல்ல, பேங்க் இல்ல, டிஸ்க் இல்ல. சுத்தமான லூப்.

எந்தப் பக்கத்துல? அதுக்கு அப்பாச்சியே பதில் வச்சிருக்கு. சர்வர் ஸ்டேட்டஸ்னு ஒரு பக்கம், சர்வர்ல உக்காந்து திறந்தா ஒவ்வொரு ப்ராசஸும் இப்போ எந்த முகவரிக்கு வேலை செய்யுது, ஆரம்பிச்சு எத்தனை செகண்ட் ஆச்சுன்னு காட்டும். திறக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. அந்த 22 நிமிஷக்காரன் 3,140 செகண்டா ஒரே ரிக்வெஸ்ட்ல இருந்தான். அதுக்குக் கீழே 2,900, 2,750. எல்லாத்துலயும் ஒரே முகவரி. ரிஜிஸ்டர் பக்கம், வகை: வெளிக் கல்லூரி.

என் வயித்துல என்னவோ பண்ணுச்சு. ஏன்னா அந்தப் பக்கம் நான் எழுதினது.

ரிஜிஸ்டர் பக்கத்துல "எங்கள் கல்லூரி", "வெளிக் கல்லூரி"ன்னு ரெண்டு பட்டன். ரெண்டாவதைத் தட்டினா காலேஜ் பேர் லிஸ்ட் ஒரு சிஎஸ்வி ஃபைல்ல இருந்து வரும். நாங்க டெஸ்ட் பண்றப்போ எல்லாரும் முதல் பட்டனைத்தான் தட்டுவோம், நம்ம காலேஜ்தானே. காலையில ஃப்ரெண்டுக்கு சுத்தினது எனக்கு டக்குனு திறந்ததும் அதனாலதான். நான் முதல் பக்கத்தோட நிறுத்திட்டேன்.

அந்த கோட் ரொம்ப சின்னது. ஃபைலைத் திற, ஃபைல் முடியாத வரைக்கும் ஒவ்வொரு வரியாப் படி. புத்தகத்துல இருக்கிற அதே லூப். முடிஞ்சுதான்னு கேட்கிற ஃபங்ஷன் எஃப்இஓஎஃப். ஃபைல் திறக்கவே இல்லன்னா? பிஎச்பி 7-ல அந்த ஃபங்ஷன் ஒரு வார்னிங் கொடுத்துட்டுப் போயிடும், "முடிஞ்சது"ன்னு ஒருபோதும் சொல்லாது. லூப் எப்பவுமே முடியாது. இது பிஎச்பி மேனுவல்லயே எச்சரிக்கையாப் போட்டிருக்கிற விஷயம். பிஎச்பி 8-ல இதே கோட் டைப் எர்ரர்னு அங்கேயே செத்திருக்கும், நாங்களும் 10 மணிக்கே கண்டுபிடிச்சிருப்போம்.

சரி, 7-லயும் வார்னிங் வரணுமே, எர்ரர் லாக் ஏன் சுத்தமா இருந்துச்சு? மூணு ஃபங்ஷன் பேருக்கு முன்னாடியும் ஒரு @ குறி. பிஎச்பில @ போட்டா "எதுவா இருந்தாலும் வாயைத் திறக்காதே"ன்னு அர்த்தம். ரெண்டாம் வருஷத்துல ஒரு ரிவ்யூல சார் முன்னாடி பக்கத்தோட தலையில ஒரு வார்னிங் வந்து நின்னுச்சு. என்னன்னுகூடப் படிக்கல. @ போட்டேன், மறைஞ்சுது, மார்க் வந்துச்சு.

அப்பவும் பிஎச்பிக்கு ஒரு பாதுகாப்பு இருக்கு. ஒரு பக்கம் 30 செகண்டுக்கு மேல ஓடினா அதுவே நிறுத்தி, எந்த ஃபைல், எத்தனாவது வரின்னு லாக்ல எழுதிடும். டிஃபால்ட்டே 30. அதுவும் ஏன் நடக்கல? எல்லா பக்கமும் சேர்த்துக்கிற பொது ஃபைலோட முதல் வரி: டைம் லிமிட் பூஜ்யம். வரம்பே கிடையாதுன்னு அர்த்தம். முந்தின சிம்போசியத்துல 300 பேருக்கு சர்டிஃபிகேட் பிடிஎஃப் உருவாக்குறப்போ 30 செகண்ட்ல நின்னுடுச்சுன்னு யாரோ போட்டது. யாருன்னு பார்க்க கிட் பிளேம் அடிச்சோம். என் பேர். அந்த மூணு @ வரிக்கும் என் பேர். அண்ணா ஒண்ணும் சொல்லல, டீ குடிக்கப் போயிட்டார்.

இன்னொரு கொடுமையும் இருந்துச்சு. சைட் சுத்தினா நாம என்ன செய்வோம்? ரிஃப்ரெஷ். வரலைன்னா டேபை மூடிட்டுத் திரும்பத் திறப்போம். ஆள் போயிட்டாங்கன்னு பிஎச்பிக்கு எப்போ தெரியும்னா, அவங்களுக்கு எதையாவது அனுப்ப முயற்சி பண்றப்போதான். லூப்ல இருக்கிறவன் எதையும் அனுப்பவே மாட்டான். அதனால ஒவ்வொரு ரிஃப்ரெஷ்ஷுக்கும் பழையவன் அப்படியே சுத்த, புதுசா ஒருத்தன் சேர்ந்தான். அப்பாச்சி ரிக்வெஸ்ட் முடிஞ்சப்புறம்தான் ஆக்சஸ் லாக்ல எழுதும். இவங்களுது முடியவே இல்ல, நடுவுல நான் ரீஸ்டார்ட் போட்டுக் கொன்னுட்டேன். அன்னைக்கு எத்தனை பேர் எங்க சிம்போசியத்துக்கு வரலாம்னு நினைச்சு, சுத்துறதைப் பார்த்துட்டுத் திரும்பிப் போனாங்கன்னு எந்த லாக்லயும் கிடையாது.

ஃபைல் ஏன் திறக்கலங்கிறது கடைசில அஞ்சு செகண்ட் வேலை. ஃபோல்டர்ல லிஸ்ட் எடுத்தோம். கோட் தேடினது சின்ன சி-ல ஆரம்பிக்கிற பேர். அங்கே இருந்தது பெரிய சி. விண்டோஸ்ல ரெண்டும் ஒண்ணு, லினக்ஸ்ல ரெண்டும் வேற வேற. டேட்டா ஃபைல் கிட்ல இல்ல, அதனால நான் எவ்வளவு ரிவர்ட் பண்ணியிருந்தாலும் அது மாறியிருக்காது. பேரை மாத்தினோம், ஃபைல் திறக்கலைன்னா லாக்ல எழுதிட்டுக் காலி லிஸ்ட் காட்டுற மாதிரி நாலு வரி சேர்த்தோம், @ மூணையும் எடுத்தோம், டைம் லிமிட் வரியையும் எடுத்தோம். 5:40-க்கு சிபியு 3 சதவீதம்.

அப்புறம் க்ரூப்ல என் மூணாவது தப்பான பதிலைப் போட்டேன். "சர்வர் இஷ்யூ சால்வ்டு 👍".

பொய் இல்ல. ஆனா காலையில "பேமென்ட் கோட்னாலதான்"னு எழுதினப்போ தப்புக்கு ஒரு சொந்தக்காரி இருந்தா. சாயங்காலம் அது வெறும் சர்வர் இஷ்யூ ஆயிடுச்சு.

ராத்திரி ஹாஸ்டல்ல இன்னும் ஏதாவது இருக்கான்னு தேடிக்கிட்டு இருந்தப்போ, கிளவுட்ஃப்ளேர் கம்பெனி 2019-ல எழுதின ரிப்போர்ட் ஒண்ணு கிடைச்சுது. 2019 ஜூலை 2 அன்னைக்கு அவங்க ஃபயர்வால்ல சேர்த்த ஒரே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், உலகம் பூரா அவங்க மெஷின்ல எல்லாம் சிபியுவை 100-க்குக் கொண்டு போயிடுச்சு. 27 நிமிஷம் அவங்களை நம்பியிருந்த சைட் எல்லாம் படுத்துச்சு. காரணமும் எங்க கதைதான், வேலையே முடியாம சிபியுவைத் தின்னுக்கிட்டு சுத்துற கோட். என்னை நிறுத்தினது அதுல இருந்த இன்னொரு விஷயம். ரெகுலர் எக்ஸ்பிரஷன் அளவுக்கு மீறி சிபியு எடுக்காம தடுக்க அவங்ககிட்ட ஒரு பாதுகாப்பு இருந்திருக்கு. சில வாரத்துக்கு முன்னாடி கோட்டைச் சீர்படுத்துறப்போ தவறுதலா அதை எடுத்திருக்காங்க. எடுத்தோம்னு அவங்களே எழுதியிருக்காங்க, உலகமே படிக்கிற மாதிரி. எனக்கு 60 பேர் இருக்கிற க்ரூப்ல எழுத முடியல.

9:30-க்கு எழுதினேன். நாலு தடவை அழிச்சு எழுதினேன். "காலையில நான் சொன்னது தப்பு. பேமென்ட் கோட்ல எந்தப் பிரச்சனையும் இல்ல. வெளிக் கல்லூரி லிஸ்ட்டுக்கு நான் எழுதின கோட்தான் லூப்ல மாட்டுச்சு. வார்னிங்கை மறைச்சதும் டைம் லிமிட்டை எடுத்ததும் நான்தான். பேமென்ட்டைத் திரும்பப் போட்டாச்சு." சில பேர் தம்ஸ் அப் போட்டாங்க. ஒரு ஸ்டாஃப் "நோட்டட்"னு போட்டார். அவகிட்ட இருந்து ஒண்ணும் வரல. ஏன் வரலைன்னு அடுத்த நாள்தான் தெரிஞ்சுது. நான் ரிவர்ட் பண்ணின அந்த அரை நாள்ல பணம் கட்டின 43 பேரோட ஸ்கிரீன்ஷாட்டை ஒவ்வொண்ணா பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒப்பிட்டு, ராத்திரி 2 மணி வரைக்கும் கன்ஃபர்மேஷன் அனுப்பிக்கிட்டு இருந்திருக்கா.

சனிக்கிழமை கேன்டீன் பக்கத்துல என்னை நிறுத்தினா. "அண்ணா, ஒண்ணு சொல்லணும். அந்த காலேஜ் லிஸ்ட் ஃபைலை வியாழக்கிழமை நைட் மாத்தி ஏத்தினது நான்தான். ரெண்டு காலேஜ் பேர் விட்டுப்போச்சுன்னு யாரோ கேட்டாங்க. என் லேப்டாப்ல நல்லா ஓடுச்சு."

அப்போ எனக்கு வந்தது நிம்மதி. ஒரு செகண்ட்தான், ஆனா வந்துச்சு. அப்பாடா, முழுசா நான் இல்ல. க்ரூப்ல போட்டதைத் திருத்தலாமான்னுகூட மனசு ஓடுச்சு. அவ முகத்தைப் பார்த்தேன். ராத்திரி தூங்காத முகம். ஃபைல் பேர்ல ஒரு எழுத்து மாறினா ஒரு டிராப்டவுன் காலியா வரணும், சர்வர் சாகக்கூடாதுன்னு சொன்னேன். அவளுக்கா எனக்கான்னு தெரியல. "க்ரூப்ல நான் போட்டது போட்டதாவே இருக்கட்டும்"னு சொன்னேன். அவ "டீ சொல்லட்டுமா அண்ணா"ன்னா.

இந்த வருஷம் சைட் மொத்தமும் அவ பொறுப்பு. ரெண்டு வாரம் முன்னாடி ராத்திரி 11 மணிக்கு ஃபோன் பண்ணா. "அண்ணா, சர்டிஃபிகேட் 30 செகண்ட்ல நின்னுடுச்சு. உங்க லைனைத் திரும்பப் போட்டுடட்டுமா?"

சிரிக்கிறாளான்னு தெரியல. பிரவுசர்ல ஓட்டாதே, டெர்மினல்ல இருந்து ஓட்டு, அங்கே பிஎச்பிக்கு டைம் லிமிட் தானாவே கிடையாதுன்னு சொன்னேன்.

"தெரியும் அண்ணா. அப்படித்தான் ஓடிக்கிட்டு இருக்கு, 210 முடிஞ்சிடுச்சு. சும்மா கேட்டேன்."